மூன்றால் பெருக்கிய பீலி

செல்வி, சுதா,

போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் ஹாலிஎலைக்கு வந்திருந்தபோது, செல்வி தன் கைபேசியைத் திறந்து எனக்கு ஒரு படம் காட்டினாள். பதுளு ஓயாவுக்குத் தண்ணீர் தருகிற மலை, பள்ளம், தோட்டம், ஊர் எல்லாம் அதில் இருந்தன. தண்ணீர் போதுமான இடம் பச்சை, இழுபறியான இடம் மஞ்சள், இல்லாத இடம் சிவப்பு.

"உங்க ஆபீஸ் செஞ்சதுதான்ப்பா. நீங்க மலை மலையா ஏறி அளந்ததை இப்ப ஒரு கம்பியைக் கிணத்துக்குள்ள விட்டு முடிச்சிடுறாங்க" என்றாள்.

"அப்ப அப்பாவை ஒரு கம்பி தோக்கடிச்சிருச்சு" என்றான் சுதா. எல்லோரும் சிரித்தோம். உங்கள் அம்மா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

நான் சிரித்துக்கொண்டே நமுனுகுல பக்கம் விரலை வைத்தேன். அங்கே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன் நல்ல பச்சையாக இருந்தது. மழைக்குப் பிறகு வருகிற தேயிலைக் கொழுந்துகூட அவ்வளவு பச்சையாக இருக்காது. அந்தப் பச்சையைப் பூசியது எந்தக் கம்பியும் இல்லை. நான். அந்த டிவிஷனில் நாற்பது குடும்பங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் பத்தாது. நீங்கள் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அங்கிருந்து ஒரு போன் வந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கிற ஹோட்டல் இரண்டாவது குழாய்க்கிணறு தோண்ட அனுமதி கேட்டிருக்கிறதாம். படத்தில் பச்சை இருந்தால் அனுமதி கிடைத்துவிடும். அன்றைக்குச் சிரித்து மழுப்பியதை இப்போது எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அந்தப் பக்கம் இருக்கிற அம்மாவின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

என் படிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான், அதிலும் கணக்கு இரண்டாவது தடவைதான் கரையேறியது. அப்படிப்பட்டவனுக்கு ஆற்றையும் ஊற்றையும் அளக்கிற வேலை கிடைத்ததற்குக் காரணம், எனக்குச் சிங்களமும் தமிழும் பேச வரும், மூச்சு வாங்காமல் மலை ஏற வரும் என்பதுதான். பயிற்சி இரண்டு வாரம். முதல் வாரம் படிவம் நிரப்பப் பழக்கினார்கள். இரண்டாவது வாரம், நிரப்பிய படிவத்தை எந்த ஃபைலில் வைப்பது என்று பழக்கினார்கள். தண்ணீரைக் கண்ணால் காட்டியது கடைசி நாளில், அதுவும் மழை பெய்ததால்.

மற்றதெல்லாம் வேலையில் கற்றுக்கொண்டது. கிணற்றை அளப்பதற்கு இரும்பு நாடாவின் நுனியில் சோக்கட்டியைத் தேய்க்க வேண்டும். நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, கட்டின் விளிம்பில் முழு எண் வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மேலே இழுத்தால் சோக் நனைந்த இடம் கறுத்திருக்கும். முழு எண்ணில் இருந்து நனைந்த அளவைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வரும். இதை யாரும் தண்ணீர் மொள்ளும் முன்னால், விடிந்தவுடன் செய்ய வேண்டும். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஹனிபா நானாவின் வீட்டுக் கிணற்றைப் பல வருடம் அப்படித்தான் அளந்தேன். "ஒவ்வொரு மாசமும் வந்து என்ட கிணத்துக்குச் சோக்குத் தீத்திட்டுப் போறீங்க. ஒரு நாளாவது அதுக்கு என்ன நோயெண்டு சொன்னீங்களா?" என்று அவர் கேட்பார். நோய் தெரிந்தால்தானே சொல்வது. நானாவுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஆழம் மட்டும்தான்.

ஊற்றை அளப்பது இன்னும் சுலபம். தோட்டத்தில் மலை ஊற்றைக் குழாய் வைத்து இறக்கி, குளிக்கவும் குடிக்கவும் விடுகிற இடத்தைப் பீலி என்போம். பீலிக்குக் கீழே இருபது லீட்டர் வாளியை வைக்க வேண்டும். நிறைய எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். இப்படி மூன்று தடவை செய்து நடு எண்ணை எழுத வேண்டும். இதற்கு ஒரு வாளி, ஒரு கடிகாரம், பொய் சொல்லாத ஒரு ஆள், இவ்வளவுதான் தேவை. முதல் இரண்டையும் அலுவலகம் கொடுத்தது.

எங்கள் பொறியியலாளர் பரமலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லஞ்சம் வாங்க மாட்டார், பிறருடைய தேநீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். தண்ணீரைப் பற்றி முப்பது வருடம் எழுதியவர், ஆனால் சப்பாத்து நனைந்ததை நான் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் கைக்குட்டையைக் கல்லில் விரித்து உட்காருவார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணைக் கத்துவேன். அவர் எழுதுவார். எழுதிவிட்டு, "தசம இடம் ரெண்டு போடும். ஒண்டு போட்டால் பாக்கிறவன் நம்பமாட்டான்" என்பார். அவருக்குப் பொய் எண்ணின் மேல் கோபம் கிடையாது. வெற்றுக் கட்டத்தின் மேல்தான் கோபம்.

அதற்கு ஒரு கதை சொன்னால் போதும். ஒரு பாலத்தின் தூணில் ஆற்று மட்டம் பார்க்கிற அளவுப் பலகை அடித்திருந்தோம். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் காலையும் மாலையும் பார்த்து எழுதி மாத முடிவில் அனுப்புவார். ஒரு மாதம் பெரிய வெள்ளம் வந்து பலகையையே கொண்டுபோய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது தூண் மொட்டையாக நின்றது. அதற்குப் பிறகும் பதினொரு நாளுக்கு அந்த ஆள் மட்டம் எழுதி அனுப்பியிருந்தார், காலையும் மாலையும், ஒரே பேனாவில், முத்து முத்தான எழுத்தில்.

நான் அதைக் கொண்டுபோய் ஐயாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வடிவா எழுதியிருக்கிறான்."

"பலகையே இல்லீங்க ஐயா."

"பலகை இல்லாட்டி என்ன காணும், பதிவு இருக்குத்தானே? நீர் இதை வெட்டினால் பதினொரு நாள் வெறுமையாக் கிடக்கும். மேலிடத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அந்தப் பதினொரு நாள் ஆற்று மட்டம் இன்றைக்கும் எங்கேயோ நல்ல தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, பச்சைக்கு வருகிறேன்.

நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். பதுளு ஓயாவுக்கு வந்து சேருகிற ஊற்று, ஓடை, கிணறு எல்லாவற்றையும் கடும் வறட்சியில் அளந்து ஒரு பெரிய அறிக்கை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வறட்சியில் அளந்தால்தான் ஓர் இடத்தின் உண்மையான பலம் தெரியும். பரமலிங்கம் ஐயா இரண்டு விதிகள் போட்டார். ஒன்று, ஒரு வாரத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாவது, ஓர் இடத்தில் ஒரே மாதிரி மூன்று நான்கு பீலிகள் இருந்தால் ஒன்றை அளந்து எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு விதியும் தனித்தனியே பார்த்தால் நல்ல விதிகள். கல்யாணம் பண்ணி வைத்தபோதுதான் பிள்ளை விபரீதமாகப் பிறந்தது.

அந்த மேல் டிவிஷனுக்கு எங்கள் கடிதம் போனது. தோட்டத் துரையிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கொழுந்துக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும். 'தண்ணி ஆபீசர் வாராங்க.' பெரிய ஆள் வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன செய்வார்கள்? லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சாக்கடைக் கானைக் கழுவுவார்கள், இருமுகிற கிழவரை உள்ளே படுக்கச் சொல்வார்கள். நான் லயத்தில் பிறந்தவன். சின்ன வயதில் சுண்ணாம்பு வாளி தூக்கியவன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

நாங்கள் போனபோது பாதை கூட்டியிருந்தது. ஓரத்துக் கல்லெல்லாம் வெள்ளை அடித்திருந்தது. பீலிக் குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் செவ்வந்திப் பூச் சுற்றியிருந்தார்கள். தோட்டத் தலைவர் மாரிமுத்து அண்ணன் ஐயாவுக்குப் பெரிய மாலை போட்டார். பிறகு எனக்கும் ஒன்று.

"நம்ம லயத்துப் புள்ள ஆபீசரா வந்திருக்கு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. வாளி தூக்கி வந்தவனை ஆபீசர் என்கிறார். நான் மறுக்கவில்லை. வாளியைக் கொஞ்சம் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பீலியில் தண்ணீர் கொட்டியது. சுற்று வட்டாரத்தில் ஓடையெல்லாம் கல்லைக் காட்டிக்கொண்டு கிடந்த மாதத்தில் இங்கே மட்டும் குழாய் நிறையத் தண்ணீர். வாளி பன்னிரண்டு வினாடியில் நிறைந்தது. மூன்று தடவையும் அப்படித்தான்.

"மத்த ரெண்டு பீலியையும் ஒரு எட்டு பாத்துருவோமாங்க?" என்று கேட்டேன். ஒன்று பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், இன்னொன்று கீழ் லயத்தில். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மாமார் கொழுந்துக்குப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா.

பாக்கியம் அக்கா என்று ஒருத்தர், கொழுந்து எடுக்கிறவர், முன்னால் வந்தார். "அங்க பாதை வழுக்குங்க தம்பி. இங்கேயே நல்லா வருது, இதையே எடுத்துக்கங்க."

வறட்சியில் என்ன வழுக்கல்?

அந்த நேரம் கீழ் லயத்திலிருந்து இரண்டு பெண்கள் வெறுங்குடத்தோடு படி ஏறி வந்தார்கள். மாரிமுத்து அண்ணன் அவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வந்த வழியே திரும்பிவிட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று பீலிக்கும் மேலே ஒரே ஊற்றுத் தொட்டிதான். இரண்டு குழாயின் வாயை வாழைத்தண்டும் சாக்கும் வைத்து அடைத்துவிட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் ஒன்றில் விட்டிருக்கிறார்கள். மரியாதைக்கு.

புரிந்ததும் நான் பரமலிங்கம் ஐயாவைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "ஒண்டை அளந்தாப் போதும். மூண்டாலை பெருக்கும். சாப்பாட்டு நேரமாச்சு."

பெருக்கினேன். இரண்டு தசம இடத்தோடு. மேலே வடை வைத்திருந்தார்கள். கழுத்தில் மாலை இருந்தது. மாலை போட்டவர்களைப் பார்த்து, 'அடைப்பை எடுங்க, உங்க இல்லாமையைக் காட்டுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்த தண்ணீரைப் போல மூன்று மடங்கு தாளில் ஏறியது. அறிக்கையில் அந்த இடத்துக்கு எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: 'கடும் வறட்சியிலும் தேவைக்கு மேல் நீர் உள்ளது.'

அந்த வரியைக் காட்டித்தான் மலைக்கு மேலே ஒரு ஹோட்டல் வந்தது. நீச்சல் தடாகத்தோடு. குழாய்க்கிணறு தோண்டினார்கள். அடுத்த வறட்சியில் பீலி மூன்றும் மூக்கு ஒழுகுவதைப் போல ஒழுகின.

ஒரு நாள் மாரிமுத்து அண்ணனும் பாக்கியம் அக்காவும் பதுளை அலுவலகத்துக்கு வந்தார்கள். வெளியே மரத்தடியில் நின்று பேசினோம்.

"தம்பி, எங்க பீலிக்கு என்ன எழுதி வச்சீங்க?" என்றார் பாக்கியம் அக்கா.

"வந்ததைத்தான் எழுதினோம்க்கா."

"வந்ததையா? மூணு பீலித் தண்ணியை ஒண்ணுல விட்டுக் காட்டினோம். அதைப் போய் மூணு தரம் எழுதியிருக்கீங்க. ஒரு புள்ளையைக் காட்டினா மூணு புள்ளைன்னு எழுதிக்குவீங்களா?"

"நீங்க அடைச்சது தப்பில்லையா?"

மாரிமுத்து அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தொரை வந்தா சுண்ணாம்பு அடிக்கிறதில்லையா? வூட்டுக்கு வாரவங்ககிட்ட இல்லாததையா தம்பி காட்டுவாங்க?"

"நாங்க இல்லாததைப் பாக்கத்தான் அண்ணே வந்தோம். நீங்க குறைச்சுக் காட்டியிருந்தாக்கூட..."

"அப்ப மாலையை ஏன் வாங்கிக்கிட்டீங்க?" என்றார் பாக்கியம் அக்கா.

அவர்கள் நான் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் லுணுகலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அன்றைக்கே பரமலிங்கம் ஐயாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். கோபப்படவே இல்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"உமக்கு இது அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும்ங்க."

"பிறகு ஏன் பெருக்கினனீர்?"

"நீங்கதான் பெருக்கச் சொன்னீங்க."

"நான் பெருக்கச் சொன்னது ஒரே மாதிரிப் பீலிகளை. அடைச்ச பீலியை இல்லை. அடைச்சது தெரிஞ்சவர் நீர்." அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினார். "அச்சிலை வந்ததைச் சும்மா மாத்தேலாது. 'நான் பிழையா அளந்தேன்' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும். மேல அனுப்புறன். விசாரணை வரும். உம்மடை வேலை என்ன ஆகும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

விதியைப் போட்டவர் கையெழுத்து வைக்க மாட்டார். வாளி பிடித்தவன் வைக்க வேண்டும். அது அநியாயம்தான். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வேலை போனால் உங்கள் படிப்பு என்ன ஆகும் என்று யோசித்தேன் என்று எழுதினால் உங்களுக்குக் கண் கலங்கும். அப்படி யோசிக்கவும் செய்தேன். ஆனால் முதலில் வந்தது உங்கள் படிப்பு இல்லை. கால்சட்டை போட்டு ஆபீஸ் போகிற மனிதன், திரும்ப லயத்தில் போய் நிற்க வேண்டுமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது. உங்கள் அம்மா சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள்.

கையெழுத்துப் போடாதவன் மனச்சாட்சிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிக்காமல் அங்கே போய் மூன்று பீலியையும் தனித்தனியாக அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். எழுதிய எண்களை ஒரு ஃபைலில் வைத்துக் கொடுத்தேன். ஃபைல் மேலே போய், 'பார்க்கப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தது. அந்தச் சொல்லைக் குடத்தில் பிடிக்க முடியாது.

பிறகு ஹோட்டல்காரர்கள் மனமிரங்கி லயத்துக்கு ஒரு நீலத் தொட்டி கொடுத்தார்கள். அதில் தங்கள் பெயரைத் தொட்டியைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். வறட்சியில் பிரதேச சபை பவுசர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து அதை நிரப்பும். பவுசர் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் இன்னும் ஒரு கதை எழுத வேண்டும்.

பரமலிங்கம் ஐயா ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். நானும் ஓய்வு பெற்றேன். எனக்குப் பிரியாவிடை நடத்தி, துல்லியமானவர் என்று பேசினார்கள். கைதட்டினார்கள். இரண்டு வருடம் நிம்மதியாகத்தான் இருந்தேன். அறிக்கை எங்கேயோ அலமாரியில் கறையான் தின்றுகொண்டிருக்கும் என்று நம்பியிருந்தேன். கறையானும் ஏமாற்றிவிட்டது. கம்பி வைக்காத இடத்துக்கெல்லாம் பழைய அறிக்கையின் எண்ணை எடுத்துப் போட்டு வர்ணம் அடித்திருக்கிறார்கள். மாலைக்காக எழுதிய எண் இப்போது கைபேசியில் பளபளக்கிறது.

போன் செய்தவர் பாக்கியம் அக்காதான். "ரெண்டாவது கெணத்துக்கு வர்ற மாசம் பதுளையில கூட்டம் வச்சிருக்காங்க தம்பி. எங்களையும் பேசச் சொல்லிருக்காங்க. நாங்க பேசினா, ஆபீஸ்ல வேற மாதிரி எழுதியிருக்குன்னு சொல்லுவாங்க. உங்களால ஏதாச்சும் முடியுமா?"

முடியும். பல வருடத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். இப்போது பென்ஷன் வாங்குகிறவனை யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது என்பதால் எனக்குத் தைரியம் நிறைய இருக்கிறது. இதை நீங்கள் வீரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுதினேன். 'இரண்டு பீலிகள் அடைக்கப்பட்டிருந்ததை அறிந்தே, ஒன்றை அளந்து மூன்றால் பெருக்கினேன். இந்த எண் பிழை. அளந்தவன் நான்.' சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அளவுகளின் பிரதியையும் சேர்த்தேன். ஒன்றை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மற்றதைப் பாக்கியம் அக்காவின் கையில் கொடுக்க நானே பஸ் ஏறினேன். இந்த வயதிலும் அவர் கொழுந்துக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்த மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கூட்டத்தில் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. 'பார்க்கப்பட்டது' என்று அதிலும் எழுதலாம்.

திரும்பும் வழியில் கீழ் லயத்துப் பீலிக்குப் போனேன். நடுப்பகல். எல்லோரும் மலையில். ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நின்றன, பிளாஸ்டிக், அலுமினியம், வாய் வெட்டிய எண்ணெய்க் கேன். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. குழாயில் தண்ணீர் நூலாக இறங்கி முதல் குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. என் பையில் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. மிச்சத்தைக் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் அதை நூலுக்குக் கீழே பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கை நோக நோகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறைந்தது. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. போத்தலில் இருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் அந்த முதல் குடத்தில் ஊற்றி, குடத்தின் வாயைக் குழாய்க்கு நேரே சரியாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.